இறைத்தல்

நீரை மொண்டு வெளியே ஊற்றுவது இறைத்தல். வாரிச் சிதறுவதும் இறைத்தலே. இறைவை, இறைகூடை என்பவை இதன் கிளைகள். மலையாளத்திலும் இறைக்குக என்று வழங்குகிறது.

நீர் இறைக்க உதவிய ஏற்றமும் கமலையும் பெரும்பாலும் மறைந்துவிட்டன, சொல் மறையவில்லை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஏரி நிறையும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் கடைக்கால் தோண்டினால் முதல் வேலை தண்ணீர் இறைப்பதுதான். பொறியாளர் அதை டீவாட்டரிங் என்பார். குழியின் மூலையில் சிறு பள்ளம் வெட்டி, சேரும் நீரை மோட்டாரால் வெளியேற்றுவது எளிய வழி. நீர் பாறை வெடிப்புகளில் தங்கும் திருவண்ணாமலை மண்ணுக்குப் பெரும்பாலும் அது போதும்.

ஆற்றுமணலில் போதாது. அடியிலிருந்து மேலெழும் நீர் மணலைக் குழம்பாக்கும். கரை சரிந்து ஆள் புதைவதும் உண்டு. அங்கே தோண்டுமுன்பே சுற்றிலும் குழாய்களை இறக்கி நீர்மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். உறிஞ்சு குழாய் வரிசை ஒன்று சுமார் 5, 6 மீட்டர்தான் தாழ்த்தும். அதற்குக் கீழே கூடுதல் வரிசைகளோ ஆழ்குழாய்க் கிணறோ தேவை.

'இறைத்த கிணறு ஊறும்' என்ற பழமொழி கிணற்றுக்கு வரம், கடைக்காலுக்குத் தொல்லை. கான்கிரீட் இறுகி, கட்டடத்தின் எடை ஏறும்வரை மோட்டாரை நிறுத்தக் கூடாது. காலியான நிலத்தடித் தொட்டியை ஊறும் நீர் மேலே தூக்கிவிடும். வெளிவரும் நீர் விடாமல் கலங்கலாக இருந்தால் மண்ணும் சேர்ந்து போகிறது. பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் காணும்முன் கவனியுங்கள். தெளிந்த நீரைச் சாக்கடையில் விடாமல் ஏரிக்குத் திருப்புங்கள்.