மனவெழுச்சி, நடத்தைச் சிக்கலுள்ள மாணவர்கள்: இங்கிலாந்துப் பள்ளிகளின் ஏற்பாடுகள்

அடிக்கடி கட்டுக்கடங்காத சினம், பிறரை அடித்தல், வகுப்பைவிட்டு ஓடுதல், அல்லது இவற்றுக்கு நேர்மாறாக யாரோடும் பேசாமல் ஒடுங்கிக் கிடத்தல் ஆகியவை நீடித்து, அதனால் படிப்பும் பள்ளி வாழ்க்கையும் தடைப்படும் பிள்ளைகளுக்கென இங்கிலாந்தில் உருவான கல்வி ஏற்பாடுகள் இத்தலைப்பில் அடங்கும். இப்பிள்ளைகளை அரசு அழைத்த பெயர் 1945 முதல் 2014 வரை நான்கு முறை வெவ்வேறாக அமைந்தது. ஏற்பாடுகள் அதே வேகத்தில் மாறின என்று சொல்வதற்கில்லை.

தொடக்கம்

வரலாற்றாசிரியர்கள் பலர் 1913ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டின் மனவளர்ச்சிக் குறைபாட்டுச் சட்டம், அடங்காப் பிள்ளைகளில் ஒரு சாராரை ‘ஒழுக்கக் குறைமதியர்’ என்று வகைப்படுத்தி, விடுதிகளில் அடைக்க வழி செய்தது. அதே ஆண்டில் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் சிரில் பர்ட்டைத் தன் உளவியலாளராக நியமித்தது. பிரிட்டனில் ஒரு கல்வி ஆணையம் உளவியலாளரைப் பணிக்கு வைத்தது அதுவே முதல் முறை. இளங்குற்றவாளிகளைப் பற்றி அவர் 1925இல் வெளியிட்ட நூல், ஒரு பிள்ளையின் நடத்தைக்கு ஒரே காரணம் தேடுவதை விட்டு வீடு, உடல், உணர்ச்சி எனப் பல காரணங்களைச் சேர்த்துப் பார்த்தது. 1971இல் பர்ட் மறைந்தபின், நுண்ணறிவு குறித்த அவருடைய இரட்டையர் ஆய்வுத் தரவுகள் புனையப்பட்டவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

1913இல்தான் அமெரிக்கரான ஹோமர் லேன், டார்செட் பகுதியில் ‘லிட்டில் காமன்வெல்த்’ என்ற குடியிருப்பையும் தொடங்கினார். நீதிமன்றம் ஏறிய பிள்ளைகளே அங்கே குடிமக்கள். சட்டம் இயற்றுவதும் வழக்கு விசாரிப்பதும் அவர்கள் வேலை. கோப்பை தட்டுகளை உடைத்து நொறுக்கிய ஒரு பையனை லேன் தடுக்கவில்லையாம். தன் கடிகாரத்தைக் கழற்றி, இதையும் உடை என்று நீட்டினாராம். பையன் கை நின்றுவிட்டது. லேன் மறைந்தபின் வெளிவந்த அவருடைய உரைத்தொகுப்பில் உள்ள இந்நிகழ்ச்சிக்கு அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆயினும் பிற்காலத்தில் இத்துறையில் எழுதியவர்களில் இதைச் சொல்லாமல் போனவர் குறைவு. இரு சிறுமியர் லேன்மீது குற்றம் சாட்டியதையடுத்து 1918இல் குடியிருப்பு மூடப்பட்டது. அக்குற்றச்சாட்டின் உண்மை குறித்து ஒருமித்த கருத்து இல்லை. சம்மர்ஹில் பள்ளியை நிறுவிய ஏ. எஸ். நீல், லேனைத் தம் ஆசானாகக் கொண்டவர்.

பிள்ளைகளின் மனச்சிக்கல்களைக் கவனிக்கும் குழந்தை வழிகாட்டு மையங்கள் 1920களின் இறுதியில் தோன்றின. எது முதல் மையம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிழக்கு லண்டனில் இமானுவல் மில்லர் 1927இல் தொடங்கியதைச் சிலரும், அமெரிக்க நிதியுதவியோடு 1929இல் இஸ்லிங்டனில் அமைந்ததைச் சிலரும் சுட்டுவர்.

போர்க்காலமும் ‘பொருத்தப்பாடற்றோர்’ என்ற வகையும்

1939 செப்டம்பரின் முதல் நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாரும், குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து ஊர்ப்புறத்துக்கு அனுப்பப்பட்டனர். முன்பின் அறியாத வீடுகளில் தங்கிய பிள்ளைகள் பலர் இரவில் படுக்கையை நனைத்தனர். நாடெங்கும் பேச்சாகிப்போன இந்தச் சிறு சங்கதி, உணர்ச்சிச் சிக்கல் என்பது ஏழைக் குடும்பங்களின் ஒழுங்கீனம் என்ற எண்ணத்தை அசைத்தது. துவைப்புச் செலவுக்கென வீட்டாருக்குத் தனிப் படி கொடுக்கும் நிலைக்கு அரசு வந்தது. யார் வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு விடுதிகள் திறக்கப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அத்தகைய விடுதிகளுக்கு மருத்துவர் டொனால்டு வினிகாட் ஆலோசகராக இருந்தார். அங்கே உடன் பணியாற்றிய சமூகப் பணியாளர் கிளேர் பிரிட்டனைப் பின்னர் மணந்தார். ஸ்காட்லாந்தில் பீபிள்ஸ் அருகே பார்ன்ஸ் விடுதியை நடத்திய டேவிட் வில்ஸ், தண்டனையை அறவே நீக்கிப் பார்த்தார்.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து 1945இல் வந்த விதிகள், சிறப்புக் கல்வி தேவைப்படுவோரைப் பதினொரு வகையாகப் பிரித்தன. பார்வையற்றோர், காது கேளாதோர், வலிப்பு நோயுள்ளோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கு இடையே ‘பொருத்தப்பாடற்றோர்’ என்ற வகையும் இடம்பெற்றது. எதற்குப் பொருந்தவில்லை என்பதை விதிகள் சொல்லவில்லை. 1950இல் அமைக்கப்பட்டு 1955இல் அறிக்கை தந்த அண்டர்வுட் குழு, இது நோயின் பெயர் அன்று, பிள்ளைக்கும் சூழலுக்கும் உள்ள உறவைக் குறிப்பது என்று விளக்கியது; இயன்றவரை பிள்ளை வீட்டில் தங்கிப் படிக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. எனினும் அடுத்த இருபது ஆண்டுகளில் தனிச் சிறப்புப் பள்ளிகளே பெருகின. முன்பே இயங்கிவந்தவற்றில் பார்பரா டாக்கர்-டிரைஸ்டேல் 1948இல் தொடங்கிய மல்பெரி புஷ் பள்ளியும், கென்ட் பகுதியில் ஜார்ஜ் லைவர்டு நடத்திய ஃபின்ச்டன் மேனரும் பரவலாக அறியப்பட்டவை.

பேணல் வகுப்புகள்

சாதாரணப் பள்ளிக்குள்ளேயே ஆதரவு தரும் முயற்சிகளில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது ‘நர்ச்சர் குரூப்’ எனப்படும் பேணல் வகுப்பு. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு உணவூட்டுதல் என்று பொருள். தமிழில் ‘ஊட்டி வளர்த்தல்’ என்றால் இன்னும் நெருக்கமாக இருக்கும்; சுருக்கம் கருதி இங்கே பேணல் எனப்படுகிறது.

இதைத் தொடங்கியவர் உள் லண்டன் கல்வி ஆணையத்தின் கல்வி உளவியலாளர் மார்ஜரி பாக்ஸால். இடம் கிழக்கு லண்டனின் ஹாக்னி. ஆண்டு 1969 என்று சில நூல்களும் 1970 என்று சில நூல்களும் கூறும். வறுமையும் இடநெருக்கடியும் மிகுந்த, அண்மையில் குடியேறிய குடும்பங்கள் பல வாழ்ந்த பகுதி அது. ஐந்து வயதில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் பலர் ஓரிடத்தில் உட்காரவில்லை. அடித்தனர், கடித்தனர், அல்லது மேசைக்கடியில் புகுந்துகொண்டனர். ஆசிரியர்கள் வழிகாட்டு மையத்துக்கு எழுதி அனுப்பிய பெயர்களின் எண்ணிக்கை மையத்தால் தாங்கக்கூடியதாக இல்லை.

இவர்கள் நோயாளிகள் அல்லர் என்பது பாக்ஸாலின் கணிப்பு. காத்திருப்பது, கேட்டு வாங்குவது, விழுந்தால் ஒரு பெரியவரிடம் ஓடுவது, நாளை என்று ஒன்று வரும் என நம்புவது ஆகியவற்றை மற்றப் பிள்ளைகள் மூன்று வயதுக்குள் வீட்டிலேயே கற்றுவிடுகின்றனர். இவர்களுக்கு அது வாய்க்கவில்லை. வகுப்பறையோ அதெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குகிறது. எனவே விடுபட்ட அந்தக் கட்டத்தைப் பள்ளியே நடத்திக் காட்டவேண்டும் என்றார் அவர். மருத்துவரின் அறையிலிருந்து சமையலறைக்கு மாறிய திருப்பம் இது.

வகுப்பில் பத்து முதல் பன்னிரண்டு பிள்ளைகள். ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும். அறை பாதி வீடு, பாதி வகுப்பு: சோபா, தரைவிரிப்பு, அடுப்பும் தொட்டியும் உள்ள சிறு சமையல் மூலை, சாப்பாட்டு மேசை, மாறுவேட உடைகள், பொம்மைகள். பல அறைகளில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் இருக்கும். தன் முகத்தை நின்று நிதானமாகப் பார்ப்பதும் கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்றாகக் கருதப்பட்டது. பிள்ளையின் பெயர் பழைய வகுப்பின் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கும். காலையில் அங்கே போய் ‘உள்ளேன்’ சொல்லிவிட்டுத்தான் பேணல் வகுப்புக்கு வரவேண்டும். இரண்டு முதல் நான்கு பருவங்களுக்குள் பழைய வகுப்புக்கே திரும்பிவிடுவது நோக்கம்.

நாளின் நடுநாயகம் காலைச் சிற்றுண்டி. பெரும்பாலும் டோஸ்ட்தான். உதவியாளர் ரொட்டியைச் சுட்டுத் தட்டில் அடுக்குவார். தட்டு ஒருவர் கையிலிருந்து அடுத்தவருக்குப் போகும். முதல் சில வாரங்களில் தட்டு முழுச்சுற்று வருவதே அபூர்வம். ஒரு பிள்ளை இரண்டு துண்டை அள்ளி மடியில் ஒளித்துக்கொள்ளும். இன்னொன்று தன் துண்டு சிறியது என்று அலறும். மற்றொன்று ஜாமா வெண்ணெயா என்று கேட்டால் விடை தெரியாமல் விழிக்கும், அதுவரை எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் கேட்டிராததால். பெரியவர்கள் இருவரும் அவசரப்படாமல் உண்பர், தமக்குள் பேசிக்கொள்வர், சிறு விஷயத்தில் மாறுபட்டுப் பின் ஒத்துப்போவர். இரண்டு பெரியவர்கள் கத்தாமலே கருத்து மாறுபட முடியும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பது பாடத்திட்டத்தின் பகுதி. பசித்து வந்த பிள்ளைகளுக்கு வயிறும் நிறைந்தது. ஆனால் பசியாற்றல் மட்டுமே குறிக்கோளாயிருந்தால் பள்ளி உணவுக்கூடம் போதும், ஓர் ஆசிரியரின் முக்கால் மணி நேரம் வேண்டியதில்லை. இத்துறை எழுத்துகளில் டோஸ்ட் பெறும் இடம் சில வாசகர்களுக்கு மிகையாகத் தோன்றலாம். இக்கட்டுரையாளருக்கு அப்படித் தோன்றவில்லை.

பிள்ளையின் நிலையை அளக்க ‘பாக்ஸால் படிவம்’ உருவானது. மொத்தம் 68 கூற்றுகள்; ஒரு பாதி வளர்ச்சிப் படிகளையும், மறுபாதி அவ்வளர்ச்சிக்குத் தடையாக நிற்கும் நடத்தைகளையும் பற்றியவை. பிள்ளையை நன்கறிந்த ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுவார். மதிப்பெண்ணைவிட, ‘இந்தப் பையன் எதற்கெடுத்தாலும் அடிக்கிறான்’ என்று சொல்லி வந்த ஆசிரியர் எப்போது, யாரை, எதற்குப் பிறகு என்று கவனிக்கத் தொடங்கியதே இதன் பயன் என்பாரும் உண்டு.

இவ்வகுப்புகளின் கோட்பாட்டு அடித்தளம், குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான தொடக்ககால உறவை மையமாக்கும் ஜான் போல்பியின் பிணைப்புக் கொள்கை என்பது பொதுவான விளக்கம். அனுபவத்தில் தொடங்கிய ஏற்பாட்டுக்குக் கொள்கை பின்னர் பொருத்தப்பட்டது என்று கருதுவோரும் உள்ளனர். குறையைத் தாயின்மேல் சுமத்துகிறது, ஏழை வீட்டு வளர்ப்பை நடுத்தர வர்க்க அளவுகோலால் அளக்கிறது என்ற கண்டனங்களும் எழுந்துள்ளன. இவ்வகுப்புகள் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1971இல், கிரெனடாவிலிருந்து வந்த ஆசிரியர் பெர்னார்டு கோர்டு, கரீபியக் குடும்பப் பிள்ளைகள் தகாத வகையில் ‘கல்வியில் பின்தங்கியோர்’ பள்ளிகளுக்குத் தள்ளப்படுவதைச் சிறு நூலொன்றில் அம்பலப்படுத்தினார். பேணல் வகுப்பு அத்தகைய தள்ளலுக்கு மாற்றாக இருந்ததா, அதன் மென்மையான வடிவமா என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

1985இல் உள் லண்டன் ஆணையத்துக்காக ஃபிஷ் குழு அளித்த அறிக்கை இவ்வகுப்புகளை ஆதரித்தது. ஐந்து ஆண்டுகளில், 1990இல், ஆணையமே கலைக்கப்பட்டது. வகுப்புகள் பல மூடப்பட்டன. வடக்கு லண்டனின் என்ஃபீல்டோ 1980களில் ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டைத் தொடர்ந்து நடத்தியது. அங்கே படித்தவர்களைப் பற்றி 1997இல் வெளிவந்த ஆய்வு, பெரும்பான்மையோர் ஓராண்டை ஒட்டிய காலத்தில் பொது வகுப்புக்குத் திரும்பியதைக் காட்டியது. கல்வி உளவியலாளர் மேரியன் பென்னதனின் முயற்சியால் 1990களின் நடுவில் ஆர்வம் மீண்டும் துளிர்த்தது. பாக்ஸால் 2004இல் மறைந்தார்.

பெயர்களும் சட்டங்களும்

சிறப்புக் கல்வியை ஆராய்ந்த மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் பழைய வகைகளைக் கைவிடச் சொன்னது. ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்தில் எப்போதேனும் சிறப்புத் தேவை எழலாம் என்று மதிப்பிட்டது. வியப்பு என்னவெனில், ‘பொருத்தப்பாடற்ற’ என்ற சொல் மட்டும் இன்னும் பயன்படக்கூடியது என்று அதே குழு கருதியது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் அதுவும் வழக்கொழிந்து, ‘மனவெழுச்சி, நடத்தைச் சிக்கல்கள்’ என்ற பெயர் நிலைத்தது. சிறப்புக் கல்வித் தேவைகள் பற்றிய 2001ஆம் ஆண்டு அரசு நெறிமுறை அதில் ‘சமூக’ என்பதைச் சேர்த்தது. 2014ஆம் ஆண்டு நெறிமுறை ‘நடத்தை’ என்பதை எடுத்துவிட்டு ‘சமூக, மனவெழுச்சி, மனநலச் சிக்கல்கள்’ என்றாக்கியது. நடத்தை ஒரு தேவையன்று, அடியில் உள்ள தேவையின் வெளிப்பாடு என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அரசுப் பள்ளிகளில் பிரம்படியை ஒழிக்கும் தீர்மானம் 1986 ஜூலையில் 231க்கு 230 என்ற கணக்கில், ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மறுநாள் அரச குடும்பத் திருமணம். அதற்கான கூட்ட நெரிசலில் எதிர்ப்பாளர் சிலர் சிக்கிக்கொண்டனர் என்று சொல்வதுண்டு. தடை 1987இல் நடைமுறைக்கு வந்தது; தனியார் பள்ளிகளுக்கு 1999 வரை ஆயிற்று.

 

அண்மைக்காலம்

ஸ்காட்லாந்தில், குறிப்பாக கிளாஸ்கோவில், 2000களில் பேணல் வகுப்புகள் பரவின. இங்கிலாந்தின் பள்ளி ஆய்வுத்துறை 2011இல் இவற்றைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. வட அயர்லாந்து வகுப்புகளை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம் மதிப்பிட்டு 2016இல் சாதகமான முடிவுகளை அறிவித்தது. பள்ளியிலிருந்து நீக்கப்படும் மாணவர்களில் சிறப்புத் தேவையுள்ளோர் மிகுந்திருப்பதை 2019ஆம் ஆண்டு டிம்ப்சன் அறிக்கை சுட்டியது. இடைநிலைப் பள்ளிகளிலும் பேணல் வகுப்புகள் தொடங்கப்பட்டுள்ளன. அரைநாள் மட்டும் நடப்பவற்றையும் அதே பெயரால் அழைக்கலாமா என்பதில் மூல முறையைப் பின்பற்றுவோர் உடன்படுவதில்லை. பாக்ஸால் படிவம் இப்போது இணையத்தில் நிரப்பப்படுகிறது.