இந்தியாவில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்பது உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள ஒருவர் அரசின் சலுகைகளைப் பெறுவதற்கு ஆதாரமாகக் காட்டும் மருத்துவ ஆவணம் ஆகும். குறைபாட்டின் வகையும் அளவும் இதில் குறிக்கப்படும். வேலைவாய்ப்பு, உயர்கல்வி இடஒதுக்கீடு, பயணக் கட்டணச் சலுகை போன்றவற்றுக்கு இது அடிப்படையாகும்.

1995 ஆம் ஆண்டுச் சட்டம்

1995 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊனமுற்றோர் சட்டம் 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை, செவித்திறன் குறைபாடு, கைகால் இயக்கக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் ஆகிய 7 வகைகளை அது ஏற்றது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று பெற்றவரே சட்டத்தின் கண்ணில் ஊனமுற்றவர். அவர்களுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது.

குறைந்தது 3 பேர் கொண்ட மருத்துவக் குழு சான்று வழங்கியது. நடக்க இயலாத கிராமத்தவர் அதை மெய்ப்பிக்கவே நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரியும் குறைபாடுகளுக்கான நடைமுறை 2009 இறுதியில் எளிதாக்கப்பட்டது.

கணக்கிடும் முறை

குறைபாடுகளை அளவிடும் வழிகாட்டு நெறிகள் 2001 இல் வெளியாயின. ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவற்றை நேரடியாகக் கூட்டுவதில்லை. பெரிய அளவை 90 இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய அளவால் பெருக்கி, 90 ஆல் வகுத்து, வருவதைப் பெரிய அளவுடன் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 30, 20 என்ற இரு அளவுகள் சேர்ந்தால் 50 வராது. ஏறத்தாழ 43 வரும். தனித்தனியே தகுதி தராத இரு குறைபாடுகள் இவ்வாறு சேர்ந்து தகுதி தருவது உண்டு.

2016 ஆம் ஆண்டுச் சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. வகைகள் 21 ஆக உயர்ந்தன. புற உலக மதியிறுக்கம், தலசீமியா, இரத்தம் உறையாமை, அமில வீச்சுக் காயம் முதலியவை சேர்ந்தன. பணி ஒதுக்கீடு 4 விழுக்காடு ஆனது. சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்; மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். 2021 ஜூன் 1 முதல் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளம் வழியாகவே சான்று வழங்குவது கட்டாயமானது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

இயல்பாக எழுத இயலாத ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத உதவியாளர் கேட்டார். அவரது குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்று கோரிக்கை மறுக்கப்பட்டது. இடஒதுக்கீட்டுக்கான அந்த வரம்பைத் தேர்வு உதவிக்கும் பொருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது.

2024 அக்டோபரில் எதிர்மாறான வழக்கு வந்தது. பேச்சுக் குறைபாடு 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததால் ஒரு மாணவருக்கு மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டிருந்தது. விழுக்காட்டை மட்டும் வைத்து ஒதுக்கக்கூடாது, படிக்க இயலுமா என்றே ஆராய வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஒருவருக்குக் குறைந்துபோனதும், மற்றவருக்குக் கூடிப்போனதும் ஒரே எண்தான். உடலின் குறையை அளக்கும் சான்றிதழ், அவருக்கு என்ன உதவி தேவை, அவரால் என்ன முடியும் என்பதை முழுமையாகச் சொல்லாது என்பதை இவ்விரு தீர்ப்புகளும் உணர்த்துகின்றன.