பரோல் எட்டாத நெரிசல்: இந்தியச் சிறைகளில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள்

இந்தியச் சிறைகளில் 2022-ஆம் ஆண்டு இறுதியில் 5,73,220 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். அவற்றின் மொத்தக் கொள்ளளவு 4,36,266 மட்டுமே. அதாவது, 100 பேருக்கான இடத்தில் 131 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை. நெரிசல் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் பரோல் விதிகளைத் தளர்த்தும் கோரிக்கையும் எழுகிறது. ஆனால், பரோல் தண்டனைக் கைதிகளுக்கு மட்டுமே உரியது. அவர்களின் எண்ணிக்கை 1,33,415. விசாரணைக் கைதிகளோ 4,34,302 பேர், மொத்தத்தில் 75.8 சதவீதம்.

மேலும், அமெரிக்காவில் பரோல் என்பது தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையுடன் விடுவிப்பதாகும். இந்தியாவில் அது தற்காலிக விடுப்பு. கைதி மீண்டும் சிறைக்குத் திரும்பியாக வேண்டும். குடும்பத்தில் மரணம், நோய், திருமணம் போன்ற காரணங்களுக்காக வழங்கப்படும் பரோல் நாள்கள் பொதுவாகத் தண்டனைக் காலத்தில் சேர்வதில்லை. நீண்டகாலத் தண்டனைக் கைதிகளுக்கு நன்னடத்தையின் பேரில் அளிக்கப்படும் ‘ஃபர்லோ’ விடுப்பு சேரும்.

சிறைத் துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஹரியாணாவின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 10 வாரம் வரை பரோல் அனுமதிக்கிறது. மத்திய உள்துறை அமைச்சகம் 2023-இல் தயாரித்த மாதிரிச் சிறைச் சட்டத்தை ஏற்பது மாநிலங்களின் விருப்பம்.

கரோனா காலம் இதற்கொரு சோதனையாக அமைந்தது. பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடுவிக்கத்தக்கோரை முடிவு செய்ய மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23-இல் உத்தரவிட்டது. அவ்வாண்டு இறுதியில் 118 சதவீதமாக இருந்த நிரம்பல் விகிதம், அடுத்த ஆண்டே 130.2 ஆனது. விடுவிக்கப்பட்டோர் 15 நாள்களில் சரணடைய வேண்டும் என 2023 மார்ச் 24-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறைக்குள் புதிதாக வருவோரின் எண்ணிக்கை குறையாதவரை தற்காலிக விடுவிப்பின் பயன் நீடிப்பதில்லை.

எனவே, நெரிசலைக் குறைக்கும் வழி பெரும்பாலும் ஜாமீன் சட்டத்திலேயே உள்ளது. அதிகபட்சத் தண்டனையில் பாதியைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதிகளுக்கு ஜாமீன் அளிக்கும் பிரிவு 2006-இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1-இல் அமலான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. மூன்றாண்டு தண்டனைக்குரிய திருட்டு வழக்கில் ஓராண்டு போதும். நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என 2024 ஆகஸ்ட் 23-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆயினும், மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களிலோ பல வழக்குகளிலோ விசாரணை நிலுவையில் இருந்தாலும் இப்பிரிவின்கீழ் ஜாமீன் இல்லை. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல பிரிவுகளைச் சேர்ப்பது வழக்கம் என்பதால், சலுகையின் பெரும்பகுதியை இந்த விதிவிலக்கே விழுங்கிவிடக்கூடும்.

ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகைக்கு வழியின்றிச் சிறையிலேயே இருப்போரும் உண்டு. ஒரு மாதத்துக்குள் பிணை செலுத்த இயலாவிடில் நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றமே தாமாகப் பரிசீலிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பிணைக்காக நிதியுதவி கிடைக்கும். போதைப்பொருள், பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு அது பொருந்தாது.