மூகரசு: வாய்பேசா மன்னர்



ஆடிப்பெருக்கு நாளில் காவிரியில் நீராடித் தேசநாதேசுவரரையும் காவிரியம்மையையும் வழிபடும் பேறு நமக்கு வாய்த்திருக்கின்றது. 'ஹொகே' என்னும் கன்னடச் சொல்லுக்குப் புகை என்பது பொருள். பாறைமேல் வீழும் புனல் புகையென எழுதலின் இவ்வூர் ஒகேனக்கல் ஆயிற்று. இப்பெயரே மைசூர் நாட்டோடு இம்மண்ணுக்கிருந்த உறவை நினைவூட்டும். இங்கு வந்து வீழும் காவிரி, மேலே சீரங்கப்பட்டணத்தை இருபுறமும் சூழ்ந்து வருபவள். மைசூர் உடையார்களின் தலைநகர் அதுவே. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பென்னாகரம் அவர்கள் வசமாயிற்று. 1688-89இல் சிக்கதேவராச உடையார் தருமபுரி, ஓமலூர், காவேரிப்பட்டணம் ஆகியவற்றைக் கைக்கொண்டார். அவருக்குப்பின் இந்நாட்டை ஆண்டவர் ஒரு வாய்பேசா மன்னர். அவர் வரலாற்றை ஈண்டுச் சிந்திப்போம்.

1704ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சிக்கதேவராசர் மறைந்தார். அவர்தம் மைந்தர் இரண்டாம் கண்டீரவ நரசராசர் அப்போது ஏறத்தாழ முப்பது வயதினர். பிறவியிலேயே செவிகேளாதவர், வாய்ச்சொல்லும் வாய்க்கப் பெறாதவர். மக்கள் அவரை 'மூகரசு', அஃதாவது ஊமை அரசர், என வழங்கினர். குறையுடையார் முடிசூடலாகாது என்பது பண்டைய வழக்கு. திருதராட்டிரன் கண்ணிலன் ஆதலின் இளையோனாகிய பாண்டு அரசெய்தினான் என்னும் பாரதக் கதையை யார் அறியார்? ஆயினும் முதலமைச்சர் திருமலை ஐயங்கார் தம் செல்வாக்கினால் அவ்விளவரசரையே அரியணையேற்றினார். குறையை மறைக்கவில்லை, குறை கருதி உரிமையைப் பறிக்கவுமில்லை.

அவர் காலத்தில் தளவாய்களின் கை ஓங்கியது. 1710இல் சிக்கபள்ளாபுர முற்றுகையில் தளவாய் காந்தராசையர் வீழ்ந்தார்; அவர் மகனே படைத்தலைமையை ஏற்றார். 1714இல் மூகரசு மறைந்தார். பத்தாண்டுகள் அரசராயிருந்து, முடியோடே மறைந்தவர் அவர்.

"ஊமை அரசர் வாய்த்தமையாலன்றோ அரசுரிமை தளவாய்கள் கைக்குப் போயிற்று?" என வினவுவாரும் உளர். அடுத்து நிகழ்ந்தவற்றைக் காண்போம். அவர் மகன் முதலாம் கிருஷ்ணராசர் 1732 வரை ஆண்டார். அவருக்குப் பேச்சில் குறையில்லை. எனினும் ஆட்சி தளவாய்கள் கையிலேயே இருந்தது. அடுத்து வந்த சாமராசரை அத்தளவாய்களே 1734இல் அரியணையிலிருந்து இறக்கிக் கப்பாளதுர்க்கத்தில் சிறையிட்டனர்; அங்கேயே அவர் மாண்டார். 1761இல் ஐதர் அலி அனைத்தையும் தம் கைப்படுத்தினார். வாய்பேசிய மன்னர்க்கு நேர்ந்தது வாய்பேசா மன்னர்க்கு நேரவில்லை. ஆகவே கேடு அரசரின் செவியிலும் நாவிலும் இருந்ததன்று. சூழ்ந்திருந்தோரின் ஆசையில் இருந்தது.

மேனாட்டு வரலாறு ஒன்றும் இதற்குத் துணைநிற்கும். இரசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலசுக்கு 1904இல் பிறந்த அலெக்சி, குருதி உறையாமை நோய் உடையவன். விக்டோரியா அரசியின் வழியில் தாய்மூலம் வந்த நோய் அது. சிறு காயமும் உயிரைக் கவர வல்லது. பெற்றோர் அதனை நாட்டார்க்கு மறைத்தனர். மகனைக் காப்பான் என நம்பி ராஸ்புடின் என்பானை அரண்மனையில் சேர்த்தனர். காரணம் அறியாத மக்கள் அரச குடும்பத்தை ஐயுற்றனர். போரும் பஞ்சமும் சேர, 1917இல் முடியாட்சி வீழ்ந்தது. 1918இல் அச்சிறுவனும் குடும்பத்தாரோடு கொல்லப்பட்டான். பிணி அவன் குற்றமன்று. மறைத்தல் பெரியோரின் பிழை.

நம் தில்லைத் தலவரலாற்றிலும் ஓர் இளவரசன் உளன். கௌட நாட்டு மன்னன் மகன் சிங்கவன்மன். உடற்பிணி உடையவனாதலின் தான் ஆளத் தகுதியிலன் எனத் தானே எண்ணி, உரிமையைத் தம்பியர்க்கு விடுத்துத் தென்றிசை வந்தான். தில்லையில் சிவகங்கை தீர்த்தத்தில் மூழ்கிப் பொன்மேனி பெற்று இரணியவன்மன் ஆயினான். உமாபதி சிவம் அருளிய கோயிற்புராணம் இதனைக் கூறும். உலகம் தள்ளிய ஒருவனை இறைவன் தள்ளவில்லை. தன் கோயில் திருப்பணிக்கே உரியவனாக ஆக்கிக் கொண்டான் என்பதன்றோ இதன் கருத்து?

தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிர் உய்யும் பொருட்டு இறைவன் தந்தவை என்பது சைவ சித்தாந்தம். உடம்பு கருவி, உயிர் வேறு. கருவியில் குறையுண்டாயின் உயிர் தாழ்ந்ததாகாது. வினைக்கணக்கு இறைவன் ஒருவனுக்கே உரியது. குறையோடு பிறந்த மகவைக் கண்டு, "எந்தப் பாவமோ!" எனத் தாயின் காதுபடக் கூறுதல் அக்கணக்கை நாம் எழுத முற்படுவதாகும். அது சிவநிந்தையோடு ஒக்கும்.

பிறவிக் கேளாமையில் பெரும்பகுதி மரபுவழி வருவது என இன்றைய மருத்துவம் கூறுகின்றது. நன்கு கேட்கும் பெற்றோரும் தாம் அறியாமலே அக்கூற்றினைச் சுமந்திருக்கலாம். மாமன் மகள், அக்காள் மகள் என நெருங்கிய உறவில் மணம் செய்யுமிடத்து இருவரும் அதே கூற்றினை உடையராதல் கூடும். பிறந்த குழவியின் செவியைச் சில நாள்களிலேயே சோதித்தறியலாம். காலத்தே கண்டறியின் செவிக்கருவியும் அறுவை மருத்துவமும் உள, சைகைமொழியும் உளது. அன்பர்கள் தீர்த்தமாடுக, அத்துடன் குழந்தையை மருத்துவரிடமும் கொண்டு செல்க.

திருமலை ஐயங்கார் அரண்மனையில் ஒரு மகனுக்குச் செய்ததை நாம் ஒவ்வொருவரும் நம் இல்லத்தில் செய்தல் வேண்டும். குறையுடைய பிள்ளையைப் பின்கட்டில் மறைக்காது, விழாவுக்கு அழைத்து வந்து, முன்வரிசையில் நிறுத்தித் திருநீறு அணிவிப்போமாக.

திருச்சிற்றம்பலம்.