வாசலில் நின்ற வேட்டி

கோத்தகிரியை அடுத்த பேரகணியில் ஆண்டுதோறும் நிகழும் ஹெத்தையம்மன் திருவிழாவை நம்மில் பலர் கண்டிருக்கக்கூடும். ஊர் ஊராகத் திரண்டு வரும் படுகர்களில் ஆண்கள் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்திருப்பர்; பெண்களும் வெண்ணிற ஆடையிலேயே வருவர். அங்கே அவ்வெண்மைதான் முழு மரியாதைக்குரிய உடை.

இதே மலையில் மற்றோர் அளவுகோலும் வந்து சேர்ந்தது. கோவை ஆட்சியரான ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். கோத்தகிரிக்கு அருகே கண்ணேரிமுக்கில் அவர் நினைவகம் இருக்கிறது. அவருக்குப் பின்னே ஆங்கிலேயர் குடியேற்றம் பெருகியது. 1841இல் உதகையில் அவர்களுக்கான கிளப் தோன்றியது. அத்தகைய இடங்களில் கோட்டும் கழுத்துப்பட்டியும் காலணியுமே கனவானுக்கு அடையாளம். வேட்டி கட்டியவர் பணியாளாக மட்டுமே உள்ளே செல்ல முடிந்தது.

1947க்குப் பின் இந்நாட்டின் கிளப்புகளில் உறுப்பினர்கள் மாறினார்கள். உடைவிதிகள் பல இடங்களில் அப்படியே நின்றன. 1921இல் மதுரையில் அரையாடைக்கு மாறிய காந்தியடிகளின் படம் சுவரில் தொங்கினாலும், அவ்வுடையில் ஒருவர் உணவுக்கூடத்தினுள் நுழைய இயலாது என்பதே நிலை.

இம்முரண் 2014 ஜூலையில் சென்னையில் வெளிப்பட்டது. நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை, தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பின் வாசலிலேயே தடுத்தார்கள். சட்டமன்றத்தில் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே சட்டம் இயற்றப்பட்டது. வேட்டியோ பிற இந்திய மரபுடையோ அணிந்தவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமம் ரத்து என்று அது விதித்தது.

நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டம் விரைந்து வந்தது என்பதை நாம் மறக்கலாகாது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பெயரற்றவர்கள் அதற்கு முன் எத்தனை பேரோ!

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் காப்பது மரபுடையை. மனிதரை எடைபோடும் பழக்கத்தை அது தொடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு, கறைபடிந்த உடையோடு நம் இலக்கியக் கூட்டத்திற்கு ஒருவர் வந்தால், முன்வரிசை நாற்காலியை மனமுவந்து காட்டுவோமா? கிளப்பைக் குறை சொல்லும் நாம், நம் அரங்கின் வாசலையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று.