ஆவி பிடிக்கும் மலிவு மெஷின்: வாங்கலாமா, சருவச்சட்டியே போதுமா?

மாரி மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கினால் குடாநாட்டில் தடிமனும் இருமலும் வீடு வீடாக வரும். மல்லியும் வேர்க்கொம்பும் அடுப்பில் அவியும். பின்னேரம் வேலியோரத்து நொச்சியை முறித்து வந்து, சருவச்சட்டியில் கொதிக்கவைத்து, போர்வையால் மூடிக்கொண்டு வேது பிடிப்பார்கள். அந்தச் சட்டியின் இடத்துக்கு இப்போது மேசையில் வைக்கும் சிறிய பிளாஸ்டிக் மெஷின் வந்திருக்கிறது. பாமசிகளிலும் மின்சாரச் சாமான் கடைகளிலும் ‘ஸ்டீமர்’, ‘வேப்பரைசர்’ என்ற பெயர்களில் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டிகளிலும் வருகிறது. வாங்குவதா விடுவதா என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கான பதில் விலையில் இல்லை. உங்கள் கிணற்றுத் தண்ணீரிலும், வீட்டுச் சுவர் பிளக்கிலும், அந்த மெஷினுக்கு முன்னால் யார் உட்காரப் போகிறார் என்பதிலும்தான் இருக்கிறது.

வேது எங்களுக்குப் புதிய சாமான் அல்ல. சித்த மருத்துவம் சொல்லும் 32 வகைப் புறமருத்துவங்களில் அதுவும் ஒன்று. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னர் பாவட்டை, நொச்சி இலைகளை அவித்துக் குளிக்கவார்க்கும் வழக்கமும் அதே மரபில் வந்ததுதான். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பாடசாலைகளில் தங்கியவர்களுக்கு அந்த மழை நாட்கள் நினைவிருக்கும். மருந்துத் தட்டுப்பாடும் இருந்தது, கரண்ட் இல்லாமல் ஆண்டுகளும் கடந்திருந்தன. பால்மா ரின்னில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒரே சேலைக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளை இருத்தி ஆவி பிடிக்க வைத்த தாய்மார் பலர். வேறு வழி இருக்கவில்லை. அந்த நம்பிக்கை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அன்று கைக்கு எட்டாமல் இருந்த மருந்து இன்று கிடைக்கிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

மலிவு மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவதில் மூடியிலிருந்து இரண்டு உலோகத் தகடுகள் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். வெப்பமூட்டும் கம்பி எதுவும் இல்லை. ஒரு தகட்டிலிருந்து மற்றத் தகட்டுக்குத் தண்ணீர் வழியாகவே மின்சாரம் பாய்ந்து, தண்ணீர் தானே சூடாகிக் கொதிக்கும். இரண்டாவது வகையில் அடியில் ஒரு சூட்டுத்தகடு இருக்கும், கேத்தில் போல. கடையில் மூடியைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். பார்க்க விடாவிட்டால் வழிகாட்டித் தாளை வாசியுங்கள். ‘ஆவி குறைவாக வந்தால் ஒரு சிட்டிகை உப்புப் போடவும்’ என்று எழுதியிருந்தால் அது முதலாவது வகை.

அந்த ஒரு வசனத்தில்தான் யாழ்ப்பாணத்தாருக்கான முழுச் சங்கதியும் இருக்கிறது. இந்த மெஷின்கள் உப்புக் குறைந்த குழாய்த் தண்ணீரை நினைத்துச் செய்யப்பட்டவை. எங்களுடைய தண்ணீரோ சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி வருவது. வலிகாமத்தின் உட்பகுதியில் வன்நீர், கரையோரங்களிலும் தீவகத்திலும் பல கிணறுகளில் உவர்நீர். தண்ணீரில் கரைந்த உப்பு கூடக்கூட அதன் வழியாகப் பாயும் மின்சாரமும் கூடும். அளவாக ஆவி வரவேண்டிய மெஷின் சீறிக்கொண்டு கொதிக்கும், வாயால் கொதிநீர்த் துளிகளைத் துப்பும், சில வேளை ட்ரிப் சுவிட்ச் விழும். ‘மெஷின் பழுது’ என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம். மழைத் தண்ணீரோ, கடையில் வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி, ஆவி போதாவிட்டால் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இந்த வகையில் ஒரு நன்மையும் உண்டு. தண்ணீர் முடிந்தால் மின்சாரம் பாய வழியில்லாமல் மெஷின் தானே அடங்கிவிடும். சூட்டுத்தகட்டு வகையில் தானே நிற்கும் சுவிட்ச் இல்லாவிட்டால் வெறும் தகடு எரிந்து பிளாஸ்டிக் உருகும். ஆனால் தகட்டு வகைக்கு உப்புத்தண்ணீர் அவ்வளவு பிரச்சினை தராது. வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ ஊற்றி ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். என்னிடம் கேட்டால், எங்கள் தண்ணீருக்குத் தானே நிற்கும் சுவிட்சுள்ள தகட்டு வகைதான் சரி, சில நூறு ரூபாய் கூடவென்றாலும்.

முதலாவது வகையில் இன்னொரு பயமும் இருக்கிறது. பிளக் போட்டிருக்கும் வரை அந்தத் தண்ணீரில் 230 வோல்ற் மின்சாரம் இருக்கிறது. அதற்குள் விரலை விடுவதோ, கரண்டியால் கிண்டுவதோ, நடுவில் மூடியைத் திறந்து தண்ணீர் விடுவதோ உயிரோடு விளையாடுவது. இந்தியாவிலிருந்து வரும் மெஷின்களில் இரண்டு கால் பிளக் இருக்கும். அது எங்கள் சதுரக்கால் பிளக் பொயின்ருக்குள் போகாது என்று, எர்த் துவாரத்துக்குள் பேனாவைச் செருகித் திறந்து, இரண்டு காலையும் தள்ளிவிடும் பழக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. இறுக்கமில்லாத அந்தத் தொடுப்பு சூடாகிக் கருகும். பொருத்தமான அடப்ரர் ஒன்று வாங்குங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீட்டில் தகடு மூழ்கும் வகையைப் பாவிக்கவே வேண்டாம்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 200 வாற் மெஷின் கால் மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் செலவு. கேத்திலில் ஒரு லீற்றர் கொதிக்கவைக்கவே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போகும். ஆனால் 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் நின்றபோது காஸும் இல்லை, மெஷினும் இல்லை, விறகடுப்புத்தான் கைகொடுத்தது. சட்டியை எறிந்துவிடாதீர்கள்.

மெஷினுக்காகப் பேசும் ஒரே பெரிய காரணம்

கொதிநீர்ச் சட்டிதான் அது. 70 பாகை சூடுள்ள தண்ணீர் தோலை ஆழமாகச் சுட ஒரு வினாடியே போதும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியில் அதைவிடச் சூடு. போர்வைக்குள் இருக்கும் பிள்ளை ஒருமுறை உதறினால் மடியில் கவிழும். கொரோனா காலத்தில் ஆவி பிடிக்கப்போய்ச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் வழமையைவிட அதிகமாக வந்ததாக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சிறுவர் வைத்தியசாலை மருத்துவர்கள் 2020இல் எழுதியிருந்தார்கள்.

எங்கள் சமூகத்தில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விடயம். செல்வீச்சில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வாழ்பவர்கள் வடக்கில் பலர். தொடையில் கொதிநீர் சிந்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. தெரியவரும்போது தோல் கொப்பளித்திருக்கும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். ஒரு கையை இழந்தவர் சட்டியைப் பிடித்துக்கொண்டு போர்வையைச் சரிசெய்ய முடியாது. கண்பார்வை குறைந்தவருக்குச் சட்டி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனியே சமைத்துத் தனியே படுக்கும் அம்மா அப்பாமாரும் குசினியிலிருந்து அறைக்குக் கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இவர்களுக்கு, ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் கொள்ளும், மேசையில் நிற்கும் மெஷின் உண்மையிலேயே பாதுகாப்பானது.

அதற்கும் சில ஒழுங்குகள் வேண்டும். மெஷினை மடியிலோ கட்டிலிலோ சக்கர நாற்காலியின் தட்டிலோ வைக்கக்கூடாது. அசையாத மேசையில், சுவரோடு ஒட்டி, வயர் காலில் தடக்காதபடி வைக்க வேண்டும். முகம் ஒரு முழத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. போர்வையால் மூடிக்கொள்ளத் தேவையில்லை. தோளில் ஒரு துவாய் போதும். உணர்வில்லாத காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து முதல் பத்து நிமிடம் காணும்.

சுட்டுவிட்டால் பற்பசை, தேங்காயெண்ணெய், ஐஸ் எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். முகம், கைவிரல், மறைவிடம் சுட்டால், அல்லது சுட்டது பிள்ளையென்றால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

ஆவி என்ன செய்யும், என்ன செய்யாது

அடைத்த மூக்கு கொஞ்ச நேரம் திறக்கும், இறுகிய சளி இளகும், உடம்புக்கு இதமாக இருக்கும். அதற்குமேல் சொல்ல ஆதாரம் போதாது. தடிமனுக்கு ஆவி பிடிப்பதைப் பற்றி நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பீடு தெளிவான பலன் ஒன்றைக் காணவில்லை. ஆவி பிடித்தால் கொரோனா சாகும் என்பதும் உண்மையல்ல. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தெருவோரங்களில் பலர் சேர்ந்து ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பெருகியபோது, அது தொற்றைப் பரப்பும், பொது இடங்களில் செய்யாதீர்கள் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

தொய்வுக்காரருக்கு இது மருந்தல்ல. சூட்டு ஆவி சிலருக்கு முட்டைக் கூட்டும். பம்ப் பாவிப்பவர்கள் பம்பை விட்டுவிட்டு மெஷினை நம்பக்கூடாது. நெபுலைசர் வேறு, இது வேறு. நெபுலைசருக்குள் இலைத்தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ விடவே கூடாது, அது நேரே நுரையீரலுக்குப் போகும். நெஞ்சில் பழைய காயமுள்ளவருக்கு மூச்சு முட்டினால், காய்ச்சலோடு சளியில் இரத்தம் வந்தால், இருமல் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். காசநோய்ப் பரிசோதனையை வேது பிடித்தே தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

மூலிகையை எங்கே போடுவது?

தண்ணீர்த் தொட்டிக்குள் அல்ல. இலை, மஞ்சள்தூள், கற்பூரம், தைலம் எதைப் போட்டாலும் தகடு கறுத்து, துவாரம் அடைத்து, ஒரு மாதத்தில் மெஷின் போய்விடும். நல்ல மெஷின்களில் ஆவி வெளிவரும் வாயில் சிறு கிண்ணம் இருக்கும். கசக்கிய நொச்சி இலை, துளசி, யூக்கலிப்டஸ் இலையை அதில் வைக்கலாம். இவற்றில் மணம் தருவது எளிதில் ஆவியோடு போகும் எண்ணெய், அதனால் ஓரளவு பலன் வரும். மஞ்சள் அப்படியல்ல. அதன் நிறப்பொருள் ஆவியாகாது, பாத்திரத்திலேயே நிற்கும். 2020இல் இறக்குமதித் தடையால் மஞ்சள் விலை ஏறி, கடல் வழியாகக் கடத்தி வந்த காலத்தில்கூட அதை வேதுத் தண்ணீரில் கொட்டியவர்களை நினைத்தால் கவலைதான். ஆடாதோடையும் பெரும்பாலும் கஷாயமாகக் குடிக்கவே சொல்லப்பட்டது. அதிலுள்ள வசிசின் என்ற பொருளை அடியாக வைத்துத்தான் சளிக்கு மருத்துவர் எழுதும் புரோம்ஹெக்சின் மாத்திரை உருவானது.

கற்பூரமும் மென்தோலும் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆவியாகவோ பூச்சாகவோ கொடுக்கக்கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். யூக்கலிப்டஸ் எண்ணெய்ப் போத்தலையும் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஊமத்தை இலையை முட்டுக்குப் புகைத்த பழங்கதையை நம்பி எந்த மெஷினிலும் போடாதீர்கள். அது நஞ்சு, புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். சித்த முறையில் செய்ய விரும்புபவர்கள் கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் கேட்டுச் செய்வது நல்லது.

குளிர்புகை விடும் ‘ஹியூமிடிஃபயர்’ என்ற அழகுச் சாமானும் இதே பெயரில் விற்கிறார்கள். அது தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை, அதிர்வால் துளியாக்கி வீசுகிறது. கொதித்து வரும் ஆவியில் சுண்ணாம்பும் நைத்திரேற்றும் பின்தங்கிவிடும். இதில் எல்லாமே துளியோடு காற்றுக்குள் போகும், மேசையில் வெள்ளைத் தூள் படிவது அதனால்தான். கிணற்றுத் தண்ணீர் உள்ள எங்களுக்கு இது சரிவராது. அதற்குள் டெட்டோல் போன்ற கிருமிநாசினி விடுவது இன்னும் மோசம். தென்கொரியாவில் ஹியூமிடிஃபயர் தண்ணீரில் கலந்த கிருமிநாசினியால் பலர் நுரையீரல் கெட்டு இறந்தது 2011இல் வெளியே வந்தது.

கனடாவிலிருந்து வரும் மற்ற ‘வேப்பரைசர்’

இன்னுமொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கடையில் ‘ஹேர்ப் வேப்பரைசர்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீரே இல்லாத சாமான். உலர்ந்த இலையை ஏறத்தாழ 160 முதல் 220 பாகை வரை சூடாக்கி, எரியவிடாமல் அதன் ஆவியை இழுக்கச் செய்வது. பெரும்பாலும் கஞ்சாவுக்காகச் செய்யப்பட்டது. ஜேர்மனியின் ரூட்லிங்கனில் செய்யப்படும் ‘வொல்கேனோ’ இந்த மேசை வகையில் பெயர்பெற்றது. கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வம், ஜேர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து கட்டுப்பாடுகளோடு அனுமதி. இங்கே நிலைமை வேறு. கேரளக் கஞ்சா என்று வடக்குக் கடற்கரையில் பிடிபடும் செய்தி வராத மாதமில்லை. நல்லெண்ணத்தில் மகன் அனுப்பிய பெட்டியைத் திறந்து தாய் விளக்கம் சொல்ல வேண்டி வரலாம்.

அதில் நொச்சியும் துளசியும் போட்டு இழுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. புகையைவிடத் தாரும் காபன் மொனொக்சைட்டும் குறைவு என்பது சரி. ஆனால் மலிவு வகைகளில் சூட்டுக் கட்டுப்பாடு திருத்தமாக இருக்காது, ஓரிடத்தில் இலை கருகிப் புகையே வரும். ஆவி வரும் பாதை பிளாஸ்டிக் என்றால் அதன் மணமும் சேர்ந்து வரும். எங்கள் மூலிகைகள் 200 பாகையில் என்னவாக மாறும் என்று சித்த நூல்கள் சொல்லவில்லை. அவை சொல்வது கொதிதண்ணீரின் ஆவியை.

அனுப்பச் சொல்வதென்றால் உறவினரிடம் ‘தண்ணீர் ஊற்றி முகத்துக்கு ஆவி பிடிக்கும் மெஷின், 230 வோல்ற், தானே நிற்கும் சுவிட்சோடு’ என்று விளக்கமாகச் சொல்லுங்கள். வட அமெரிக்காவின் 120 வோல்ற் சாமானை இங்கே நேரே குத்தினால் முதல் நாளே கருகும்.