பணிபுரியும் பெற்றோரின் உயர்கல்வி: பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

பணியும் குழந்தை வளர்ப்பும் உடையோர் மீண்டும் பட்டம் பயில்வது இணையம் தந்த வாய்ப்பாகவே பெரிதும் கருதப்படுகிறது. இணையத்திற்கு முந்தைய வரலாறு இக்கருத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது.

1963இல் ஹெரால்டு வில்சன் முன்மொழிந்த 'வான்வழிப் பல்கலைக்கழகம்', அமைச்சர் ஜென்னி லீயின் முயற்சியால் 1969இல் அரச பட்டயம் பெற்றுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் கற்பித்தல் தொடங்கியது. சேர்க்கைக்கு முன்தகுதி கேட்கப்படவில்லை. பாடநூல்கள் அஞ்சலில் வந்தன; விரிவுரைகளைப் பிபிசி ஒளிபரப்பியது.

எனினும் ஒளிபரப்பு, குறித்த நேரத்திலேயே நிகழ்ந்தது. அடிப்படைப் பாடங்களுக்கு ஒரு வாரம் வெளியூரில் தங்கிக் கோடைப் பள்ளியில் பயில்வதும் கட்டாயமாயிருந்தது. அவ்வாரம் குழந்தையை யார் பார்ப்பது என்பதை மாணவரே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நெருக்கடியைத் தணித்தது கிரெடிட் முறையாகும். பொதுநிலைப் பட்டத்திற்கு ஆறு கிரெடிட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். இடையில் நிறுத்தியும் தொடரலாம்.

பின்னர் ஒளிநாடாவும் இணையமும் பரவ, 2006 டிசம்பரில் பிபிசியின் பின்னிரவுப் பாட ஒளிபரப்பு முடிவுற்றது. பாடம் கேட்கும் நேரம் மாணவர் விருப்பத்திற்கு வந்தது. ஆனால் படிப்பதற்கான நேரம் கூடிவிடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய படிப்பு இன்றும் நின்றுபோகும். ஆகவே இணையவழிப் பட்டங்களை மதிப்பிடுகையில், இடைநின்றவர் அதுவரை பயின்றதை இழக்காமல் திரும்ப முடிகிறதா என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.